பில் இல்லாத எண்ணெய்க்கு வழக்கும் இல்லை

மார்கழிக் குளிரில் பாட்டிலுக்குள்ளேயே தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிட்டால், "மெழுகைக் கலந்துட்டான்" என்று அத்தனையையும் சாக்கடையில் கவிழ்க்கிற வீடுகள் பாலக்காட்டு வடகரப்பதிப் பக்கம் இன்னும் இருக்கின்றன. அதே வீட்டார், எந்தக் குளிருக்கும் அசையாமல் தண்ணீர்போல நிற்கும் எண்ணெயைச் சுத்தமான சரக்கு என்று மெச்சி வாங்குகிறார்கள். கொட்டியது பெரும்பாலும் நல்ல எண்ணெய். மெச்சியதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வேறு சிலர், எண்ணெயில் ஏதோ வாடை என்று தெரிந்ததும் பாதி தீர்ந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகிறார்கள். பில் எங்கே என்று கேட்டால் இல்லை. லேபிள் எங்கே என்றால் எண்ணெய்ப் பிசுக்கில் உரிந்துபோயிருக்கும். பஞ்சாயத்து ஆபீஸ் இதற்கான இடமும் அல்ல. இன்னும் சிலர் தலைக்கு என்று வாங்கிய பாட்டிலிலிருந்து பொரியலுக்குத் தாளிக்கிறார்கள், சமையலுக்கு என்று வாங்கியதைக் கைக்குழந்தையின் மூக்கில் விடுகிறார்கள்.

தேங்காய் எண்ணெய் நம் வீட்டில் வெறும் சமையல் சாமான் இல்லை. அதனால்தான் இந்தக் கவனக்குறைவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அதன் வேலைகளை எண்ணிப் பாருங்கள். பலாப்பழம் வெட்டும் முன் கத்தியிலும் கையிலும் தடவுகிறோம். ஒட்டிவிட்ட பலாப்பிசினுக்குச் சோப்பு உதவாது, எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டால் போய்விடும். புது எவர்சில்வர் பாத்திரத்தின் ஸ்டிக்கரைக் கிழித்த பின் நிற்கும் பசையும், பிள்ளைகள் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வரும் பபிள்கம்மும் அப்படியே. இரும்புத் தோசைக்கல்லையும் அரிவாள்மனையையும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி வைத்தால் துரு ஏறாது. மர அகப்பை வெடிக்காமல் இருக்கவும் இதுதான். குதிகால் வெடிப்புக்கு, தலைக்கு, குழந்தையின் உடம்புக்கு, விளக்குக்கு என்று பட்டியல் நீளும். ஒரு பாட்டில் எண்ணெய் கெட்டதாக இருந்தால் அது சட்டியோடு நிற்காது. தலை, தோல், குழந்தை என்று வீடு முழுக்கப் போய்ச் சேரும்.

பயன்படுத்தக் கூடாத இடங்களும் உண்டு. தீக்காயத்தில் எண்ணெய் தடவாதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு, சுத்தமான துணியால் மூடி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய் சூட்டை உள்ளேயே நிறுத்திவிடும். குழந்தையின் மூக்கிலும் காதிலும் விடாதீர்கள். மூக்கில் விட்டது நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியாவாகும். பாட்டி விட்டாள், அம்மா விட்டாள் என்ற சாட்சியம் டாக்டர் முன் எடுபடாது. பூட்டுக்கும் தையல் மிஷினுக்கும் இது ஆகாது, தூசி சேர்ந்து பிசினாகிவிடும். மூணாறு, தேவிகுளம் குளிரில் அங்கேயே உறைந்தும் போகும்.

காலியான எண்ணெய்ப் பாட்டிலில் மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். குழந்தைக்குத் தெரிந்தது பாட்டில் மட்டும்தான். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. "முறிவு" என்று தேங்காய் எண்ணெயையோ பாலையோ புகட்டவும் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பதில் சொல்லும்.

இனி கலப்படம். 2018 நடுவில் கேரள உணவுப் பாதுகாப்பு ஆணையர் 45 தேங்காய் எண்ணெய் பிராண்டுகளைத் தடை செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு 74 பிராண்டுகளுக்குத் தடை வந்தது. தடை பெயருக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஒரு பெயர் போனால் லேபிளை மாற்றிக்கொண்டு இன்னொரு பெயரில் வருவது இந்த வியாபாரத்தில் பழகிய வித்தை. அரசு சார்ந்த கேராஃபெட்டின் 'கேரா' பெயரை முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு எத்தனை பாட்டில்கள் வந்தன என்பது கடைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். 2025-இல் விலை லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டி ஏறியபோது கலப்படமும் கூடவே ஏறியது. 'ஆபரேஷன் நாளிகேர' என்று பெயர் வைத்துக் கேரளம் முழுக்கச் சோதனை நடத்தி ஆயிரக்கணக்கான லிட்டரைப் பிடித்தார்கள். விலை ஏறும்போது மட்டும் விழித்துக்கொள்கிற இலாகாவை என்ன சொல்வது? எல்லையிலுள்ள வேலந்தாவளம் வழியாக எண்ணெய் லாரிகள் வருஷம் முழுக்கத்தான் போய்வருகின்றன.

கலக்கிறவை பெரும்பாலும் மூன்று. பாமாயில். பாம் கர்னல் எண்ணெய், அதாவது எண்ணெய்ப்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுப்பது. உணவே அல்லாத பாரஃபின் திரவம். இவற்றைக் கண்டுபிடிக்க எல்லோரும் சொல்கிற ஃபிரிட்ஜ் சோதனை, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே பரிந்துரைத்த ஒன்று. கண்ணாடி டம்ளரில் எண்ணெயை ஊற்றி ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். ஃபிரீசரில் அல்ல. தேங்காய் எண்ணெய் உறையும், கலந்த எண்ணெய் தனி அடுக்காக நிற்கும்.

இந்தச் சோதனையில் தேறிவிட்டால் எண்ணெய் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பாம் கர்னல் எண்ணெயும் தேங்காய் எண்ணெயைப் போலவே உறையும். இரண்டிலும் பாதிக்குக் கிட்டே லாரிக் அமிலம்தான். அதைப் பிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டும். தேங்காய் எண்ணெயின் அயோடின் மதிப்பு 7.5-க்கும் 10-க்கும் நடுவில் இருக்க வேண்டும், பொலன்ஸ்கி மதிப்பு 13-க்குக் குறையக் கூடாது என்பது சட்டத்தின் அளவு. பாம் கர்னலின் அயோடின் மதிப்பு இதைவிட அதிகம், ஆகவே கணக்கு அங்கே உதைக்கும். ஃபிரிட்ஜில் தோற்ற எண்ணெயைச் சந்தேகப்படுங்கள். தேறியதை நம்பிவிடாதீர்கள். சுத்தமான தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், உறைவது அதன் குணம், குற்றமல்ல.

கடையிலேயே பார்க்க வேண்டியவை சில. லேபிளில் 14 இலக்க உணவு உரிம எண், பேட்ச் எண், தயாரித்தவரின் முழு முகவரி, பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். உரிம எண்ணைச் செல்போனில் ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் தட்டினால் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டு எண்ணெய்களின் கலவை என்றால் அதைச் சொல்லி, எது எத்தனை சதவீதம் என்று அச்சிட்டு, அக்மார்க் முத்திரையோடு, மூடிய பாக்கெட்டில் மட்டுமே விற்கலாம். தேங்காய்ப் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டுக் கலவை என்பதைப் பொடி எழுத்தில் ஓரத்தில் ஒதுக்குவார்கள், அங்கேயும் கண்ணை ஓட்டுங்கள். டின்னிலிருந்து சில்லறையாக ஊற்றித் தரும் எண்ணெயை வாங்காதீர்கள். லேபிளில்லாமல் உதிரியாக எண்ணெய் விற்பதே விதிமீறல். அதில் ஏமாந்தால் யார்மேல் புகார் கொடுப்பீர்கள்? அளவும் கவனம். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். கிலோ விலையையும் லிட்டர் விலையையும் ஒன்றாக வைத்துப் பார்த்து லாபம் என்று ஏமாறாதீர்கள்.

சமையல் எண்ணெயா, கூந்தல் எண்ணெயா என்பதும் லேபிளில்தான் தீரும். சிறிய பாட்டிலில் வந்தாலே அது கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது என்று 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், சேலம் கலால் ஆணையரகத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. உண்ணத் தகுந்தது என்று லேபிள் சொன்னால் அது உணவு, புகார் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம். கூந்தல் எண்ணெய் என்று சொன்னால் அது அழகுசாதனம், புகார் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம். கூந்தல் எண்ணெயில் வாசனையும் பாரஃபினும் சேர்ப்பது சட்டப்படி குற்றமில்லை. ஆகவே அதை வாணலிப் பக்கமே கொண்டு வராதீர்கள்.

இவ்வளவும் பார்த்து வாங்கியும் ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? இதில்தான் நம் ஆட்கள் ஒவ்வொரு முறையும் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் பில். "ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எதுக்குங்க்கா பில்லு?" என்று கடைக்காரர் சிரிப்பார். நீங்களும் சிரித்துக்கொண்டே வந்துவிடாதீர்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். உணவுப் பொருள் விற்கும் உரிமக் கடைகளின் பில்லில் அந்த 14 இலக்க எண்ணும் இருந்தாக வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். பில்லில் பிராண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். வெறும் "எண்ணெய் 1" என்று எழுதிய துண்டுச்சீட்டு எதையும் நிரூபிக்காது.

இரண்டாவது, போக வேண்டிய ஆபீஸ். கேரளத்தில் சட்டமன்றத் தொகுதி வாரியாக உணவுப் பாதுகாப்பு அதிகாரி உண்டு. வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, நல்லேப்பிள்ளி எல்லாம் சித்தூர் தொகுதி. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியவர் சித்தூர் சர்க்கிள் உணவுப் பாதுகாப்பு அதிகாரி. அவருக்கு மேலே பாலக்காட்டில் உணவுப் பாதுகாப்பு உதவி ஆணையர் இருக்கிறார். பஞ்சாயத்து ஆபீஸ் இல்லை, போலீஸ் ஸ்டேஷனும் இல்லை. கேரள உணவுப் பாதுகாப்புத் துறையின் இலவச எண் 1800 425 1125. மத்திய ஆணையத்துக்கு 1800 112 100. எல்லை தாண்டிக் கோவைப் பக்கம் வாங்கியிருந்தால் தமிழ்நாட்டுத் துறையின் வாட்ஸ்அப் 94440 42322. எந்தப் பக்கம் வாங்கினீர்கள் என்பதைப் பில் முகவரிதான் சொல்லும். திரும்பவும் பில்.

போனில் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். "மலையாளத்தில் எழுதிட்டு வாங்க" என்று யாராவது திருப்பி அனுப்பினால் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் குறையை முறையிடலாம் என்று அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவு சொல்கிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே பதில் பெறவும் இடம் தருகிறது. மனுவை இப்படி எழுதினால் போதும்:

"இன்ன தேதியில், இன்ன கடையில், இன்ன பில் எண்ணில், இன்ன பிராண்டு தேங்காய் எண்ணெய், இத்தனை மில்லி, இன்ன பேட்ச் எண், இன்ன உரிம எண் கொண்டது வாங்கினேன். இன்ன காரணத்தால் கலப்படம் என்று சந்தேகிக்கிறேன். அந்தக் கடையில் இதே பேட்ச் எண்ணெயில் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கவும், முடிவை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் தேதியோடு சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில், பட்டுவாடா அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள். அந்த அத்தாட்சியைப் பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

மூன்றாவது, நீங்களே பரிசோதிக்கும் உரிமை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவு, சாதாரண வாடிக்கையாளரும் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனை அறிக்கை பெறலாம் என்கிறது. எண்ணெய் சட்ட அளவுக்குத் தேறவில்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். மேல்நடவடிக்கைக்காக அறிக்கையை அதிகாரிக்கு அனுப்புவதும் பகுப்பாய்வாளரின் கடமை. கேரளத்தில் திருவனந்தபுரத்திலும் எரணாகுளத்திலும் கோழிக்கோட்டிலும் அரசு ஆய்வுக்கூடங்கள் உள்ளன. உங்கள் பாட்டில் எதற்குப் போக வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பதைச் சித்தூர் அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த உரிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். வீட்டில் திறந்து பாதி தீர்ந்த பாட்டிலுக்கு இந்த வழி கிடையாது. எத்தனை முறை சொன்னாலும் திறந்த பாட்டிலோடுதான் வருகிறார்கள், அதனால் இன்னொரு தரம் சொல்கிறேன்: திறந்த பாட்டில் செல்லாது. சந்தேகம் வந்தால் அதே கடைக்குப் போய், அதே பேட்ச் எண் கொண்ட மூடிய பாட்டில்களைப் புதிதாக வாங்குங்கள். கூட ஒரு சாட்சியை அழைத்துப் போங்கள். "40-ஆம் பிரிவின்படி இதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று இன்று உங்களிடம் தெரிவிக்கிறேன்" என்று ஒரு தாளில் எழுதி, பேட்ச் எண்ணையும் குறித்து, ஒரு நகலைக் கடைக்காரரிடம் கொடுத்து, இன்னொன்றில் கையெழுத்துக் கேளுங்கள். அவர் போடாவிட்டால் சாட்சி கையெழுத்துப் போடட்டும். பாட்டிலின் மூடியைத் தொடாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள்.

"கம்பெனிக்காரன் குடுத்தான், நான் வித்தேன்" என்று கடைக்காரர் கைவிரிப்பார். யாரிடம் வாங்கினார் என்று காட்ட முடியாத விற்பனையாளரே பொறுப்பேற்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு. அவரிடமும் மொத்த வியாபாரியின் பில் இருந்தாக வேண்டும். நேர்மையான கடைக்காரர்கள் இதைப் படித்தால் தங்கள் பில்களையும் பத்திரப்படுத்திக்கொள்ளட்டும்.

அதிகாரி மாதிரி எடுத்தால் அது நான்கு பங்காகப் பிரிக்கப்பட்டுச் சீல் வைக்கப்படும். பகுப்பாய்வாளர் கைக்கு வந்த 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். காகிதத்தில் 14 நாள், நடப்பில் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே மாதம் ஒன்று ஓடியும் சத்தம் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கேரளத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை மனுவில் ஒட்டினால் போதும். "என் புகார்மீது மாதிரி எடுக்கப்பட்டதா, எந்தத் தேதியில், அறிக்கை எண் என்ன, அறிக்கையின் நகல் தருக" என்று கேட்டால் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வாயால் நூறு முறை நடந்து கேட்டதற்கு அசையாத ஃபைல், இந்த ஒரு தாளுக்கு அசையும். வழக்குத் தொடர அதிகாரிக்குச் சட்டம் தரும் காலம் பொதுவாக ஓராண்டு. அவர் தூங்கித் தூங்கியே அதைத் தீர்த்துவிட முடியும். அதனால்தான் முடுக்கச் சொல்கிறேன்.

பணம் திரும்ப வேண்டும், நஷ்டஈடு வேண்டும் என்றால் அது வேறு வாசல்: பாலக்காட்டில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. பரிசோதனை தேவைப்பட்டால் ஆணையமே மாதிரியைச் சீல் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். முதல் கட்டமாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். கெட்ட உணவால் உடம்புக்குத் தீங்கு நேர்ந்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவிலும் நஷ்டஈடு உண்டு. அதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டுக் கஷாயத்தோடு படுத்துக்கொண்டால் அதற்குச் சாட்சி இருக்காது.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்பவர்களுக்கும் நம் ஊரில் வழி உண்டு. தென்னை இல்லாத தெரு இங்கே இல்லை. தேங்காயை உடைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்து, கொப்பரையை நீங்களே மில்லுக்குக் கொண்டுபோய், கண்முன்னே ஆட்டி வாங்குங்கள். ஈரம் நின்ற கொப்பரையில் பூஞ்சை பிடிக்கும், எண்ணெயும் சீக்கிரம் சிக்கு அடிக்கும். மில்லில் ஏற்கெனவே ஆட்டி வைத்திருப்பதை வாங்குவது கடையில் வாங்குவதற்குச் சமம்தான், அதற்கும் பில் கேளுங்கள்.

கடைசியாக ஒரு பொது வேலை. துறையிடம் நடமாடும் உணவு ஆய்வு வண்டிகள் இருக்கின்றன. அவை கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கும் வேலந்தாவளத்துக்கும் மாதம் ஒருமுறை வர வேண்டும், எடுத்த மாதிரிகளின் முடிவைப் பஞ்சாயத்து நோட்டீஸ் போர்டில் தமிழிலும் ஒட்ட வேண்டும் என்று அடுத்த கிராமசபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். டீக்கடையில் பேசிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறாத கோரிக்கைக்கு எந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியதில்லை.